வால் பலூன் மயில்

ஆனி 29, ஞாயிறு

இன்று நம் வீட்டில் இருந்தவர்கள்: மாப்பிள்ளையின் அப்பா தர்மராஜ் அண்ணாச்சி, அம்மா சந்திரமணி மதினி, மாப்பிள்ளை காளிதாஸ், அவருடைய அத்தை ஒருவர் (பெயர் கேட்க மறந்துவிட்டேன், கேட்டு எழுத வேண்டும்). நம் பக்கம் அவர், நான், மகள் சுபா. காபி கொடுக்க ஒத்தாசைக்கு எதிர்வீட்டு ஜோதிமணி. அம்மனைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் எப்போதும் இருக்கிறாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சுபாவுக்கும் அந்தத் தம்பிக்கும் பிடித்திருக்கிறது. ஆவணி 12-ல் நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நிச்சயதார்த்தம். அண்ணாச்சிக்குப் பட்டாசு மொத்த வியாபாரம். கை கொடுத்துப் பேசுகிற மனிதர்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். பேச்சு நடக்கும்போது தெற்கே ஏதோ ஒரு பட்டாசு ஆலையில், ஆபீஸ் என்றுதான் இங்கே சொல்வது, சோதனை வெடி போட்டார்கள். தீபாவளிச் சரக்குக்கு இப்போதிலிருந்தே போடுவார்கள். அதன் பிறகு அண்ணாச்சி அவரிடம், "தேதி உங்களுக்குச் சம்மதந்தான?" என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். அவர் காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டு இருந்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். நான் முந்திக்கொண்டு, "அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் அண்ணாச்சி. போன மாசி விபத்துலருந்து" என்றேன்.

சந்திரமணி மதினி உடனே, "அதுக்கென்ன மதினி, நாங்க ஒறக்கப் பேசிக்கிடுறோம். எங்க வீட்ல எல்லாருக்கும் வெங்கலத் தொண்டை" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல மனசு.

கிளம்பும்போது மதினி, அவர்கள் தெருவில் ஒரு காதுகுத்துக்குப் பலூனிலேயே மயில் செய்து வைத்திருந்தார்களாம், மேடையில் அது மாதிரி ஒன்று இருந்தால் அழகாக இருக்கும் என்றார். "நானே செஞ்சிடுறேன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னது சொன்னதுதான்.

ஆனி 31, செவ்வாய்

விரதம். மேகமூட்டம், துணி காயவில்லை.

ஜோதிமணி காதுகுத்து, பிறந்தநாள் மேடைகள் ஜோடிப்பவள். ஒரு பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தாள். "இது வால் பலூன்க்கா. சாதாப் பலூனுக்கு வாய் மட்டுந்தான் இருக்கும். இதுக்குத் தலைப்பக்கம் ஒரு வாலும் இருக்கு பாத்தீங்களா. ஒண்ணோட வாயை இன்னொண்ணோட வாலோட சேத்து முடிஞ்சா சங்கிலி மாதிரி போய்க்கிட்டே இருக்கும். நடுவுல முறுக்கினா கழுத்து, மூக்கு எல்லாம் வரும்."

சுபாவின் போனில் ஒரு வெளிநாட்டுப் பெண் மயில் செய்யும் படம் கிடைத்தது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அவள் பாஷை எனக்கு எப்படியும் புரியாது. கையைப் பார்த்தால் போதும். அஞ்சாவதோடு நின்றவள் நான், பேப்பர் படிக்கக் கற்றதும் தையல் கற்றதும் இப்படித்தான்.

கணக்கு: ஊதியது ஆறு. உடைந்தது ஒன்று.

அது உடைந்ததும் அவர் எழுந்து கோயிலுக்குப் போய்விட்டார். விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆடி 2, வெள்ளி

முதல் வெள்ளி. கோயிலில் கூழ் ஊற்றினார்கள், நான் வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். பூசாரி எல்லார் முன்னாலும் அவரைக் காட்டி, "அந்த வெடியில ஒரு கீறல் இல்லாம வந்த மனுசன். தண்ணி குடிக்க வெளிய வரவச்சவ யாரு? அவதான்" என்றார். ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவரும் கும்பிட்டார். அன்று உள்ளேயே போய்விட்ட நான்கு பேரில் ஒருவரின் வீட்டார் வரிசையில் நின்றார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு நான் தீச்சட்டி எடுத்தேன். முழுசாகத் திருப்பிக் கொடுத்தாயே தாயே என்று சொல்லித்தான் எடுத்தேன். கொடுத்தவளிடம் போய்க் குறை சொல்லக் கூடாது.

பலூனை இப்போது ஜோதிமணி வீட்டில் வைத்துத்தான் பழகுகிறேன். உடைந்தது மூன்று. திரும்பி வந்தால் சுபா வாசலிலேயே நிற்கிறாள்.

"அம்மா, தெருவைத் தாண்டி இங்க கேக்குது."

"கதவைச் சாத்திட்டுத்தான் செஞ்சேன்."

"வேணாம்மா. ஜோதி அக்காவே ஆள் வச்சுச் செஞ்சிரட்டும்."

"ஆளுன்னா வர்றவன் மேடையில வச்சு ரெண்டை உடைப்பான். உடையாமச் செய்யணும்னா நான்தான் செய்யணும்."

சுபா என்னையே பார்த்தாள். "அப்பா எங்க இருக்காங்கன்னு கேக்கலையே நீங்க" என்றாள்.

குளிக்கும் அறைக் கதவு சாத்தியிருந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் இல்லை. நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அரிசி புடைத்தேன், நான் இருப்பது அவருக்குத் தெரியட்டும் என்று. புடைத்த அரிசியையே திரும்பவும் புடைத்தேன்.

ஆடி 5, திங்கள்

உடைந்தது இரண்டு. பாலும் திரிந்துபோனது.

ஆடி 7, புதன்

ஏன் உடைகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். மூன்று காரணம். கை நகம், மோதிரக் கல் ஒன்று. ஒரு முறுக்கை வலமாகவும் அடுத்ததை இடமாகவும் முறுக்குவது இரண்டு; ஒரே பக்கமாக முறுக்க வேண்டும், முதல் முறுக்கையும் கடைசி முறுக்கையும் கைவிடாமல் பிடிக்க வேண்டும். மூன்றாவது பயம். பயந்து பிடித்தால் இறுக்கிப் பிடிக்கிறோம்.

நகம் வெட்டிவிட்டேன். மோதிரத்தைக் கழற்றி மஞ்சள் டப்பாவில் போட்டேன். மூன்றாவதற்கு அம்மன் திருநீறு.

உடைந்தது இல்லை. முதன்முதலாக ஒரு மயில் கழுத்து வந்தது. கொஞ்சம் வாத்து மாதிரி இருக்கிறது.

ஆடி 9, வெள்ளி

அந்தக் கழுத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். சந்தோஷத்தில் யோசிக்காமல் செய்தது.

அவர் சாப்பிட உட்கார்ந்தவர் கையைத் தட்டில் வைத்தபடி அதையே பார்த்தார்.

"இது எப்ப உடையும்?"

"உடையாது. நல்லா முடிஞ்சிருக்கேன்."

"எல்லாம் உடையும். எப்பன்னுதான் தெரியாது."

இரண்டு வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு இதுதான். சோறு அப்படியே இருந்தது.

ஆடி 10, சனி

காலையில் நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால் அவர் அந்தக் கழுத்தை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். கையில் என் தையல் கத்தரி. கூப்பிடலாமா, கூப்பிட்டால் கை ஆடிவிடுமா என்று நிலைப்படியிலேயே நின்றேன்.

அவர் வாலை மட்டும் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார். பிடித்த இடத்துக்கு மேலே நுனியை வெட்டினார். விரலை மெதுவாகத் தளர்த்தினார். உஸ்ஸென்று காற்று போனது, குழந்தை தூக்கத்தில் விடுகிற மூச்சு மாதிரி. பலூன் சுருங்கி அவர் உள்ளங்கையில் படுத்துக்கொண்டது.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "வால்ல ரப்பர் தடியாக் கெடக்கு. இழுபடல. உடம்புல குத்தினாத்தான் வெடிக்கும், வால்ல வெட்டினா வெடிக்காது."

"கழுத்து போச்சே" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"இன்னொண்ணு செய்யி. நான் பாத்துக்கிடுறேன்."

கணக்கு: உடைந்தது இல்லை. அவிழ்த்தது ஒன்று. இனி இதற்குத் தனி வரிசை போட வேண்டும்.

ஆடி 13, செவ்வாய்

இன்று பலூனை வீட்டிலேயே வைத்துச் செய்தேன். அவர்தான் வைக்கச் சொன்னார். நான் ஊதி முறுக்குவது, அவர் வாலோடு வாய் சேர்த்து முடிவது. பட்டாசு ஆபீஸில் போர்மேன் ஆவதற்கு முன்னால் வருஷக்கணக்காகத் திரி முடிந்த விரல். ஒரு முடிச்சுக்கு நான் மூன்று முறை முயலும்போது அவர் ஒரு இழுப்பில் முடித்துவிடுகிறார்.

நடுவில் என்னை நிறுத்தினார். "ஏன் முழுசா ஊதுற? முக்கா ஊது. முறுக்கும்போது காத்து ஒதுங்க எடம் வேணும்ல. திணிச்சு வச்சா எதுவுந்தான்..." அதோடு நிறுத்திக்கொண்டார். விரல் முடிந்துகொண்டே இருந்தது.

ஜோதிமணி எட்டிப் பார்த்தாள். "ஏ அப்பா, அண்ணாச்சி என் பொழப்பைக் கெடுத்துருவாக போலயே" என்றாள். அவர் சிரித்தார். பல் தெரிந்தது.

தெற்கே சோதனை வெடி ஒன்று. அவர் கை அப்படியே நின்றது. நான் பேச்சை நிறுத்தவில்லை, அதே குரலில் புளிக்குழம்புக்குச் சுண்டைக்காய் போடவா கத்தரிக்காய் போடவா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "சுண்டைக்காய்" என்றார்.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு.

மயிலின் தோகையில் முதல் அடுக்கு முடிந்தது. அடியில் பச்சை, மேலே நீலம். பழகுவதற்குத்தான் இது, நிச்சயத்துக்கு முந்தின நாள் புதிதாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காற்று இறங்கிவிடும். விசேஷம் முடிந்ததும் பிள்ளைகள் பலூனைக் குத்தி உடைப்பது வழக்கம். அதற்கு அவரே வழி சொன்னார்: "அஞ்சாறு மழுங்கக் கத்தரி வாங்கி வையி. வரிசையா நிக்கவச்சு வாலை வெட்டச் சொல்லுவோம். உஸ்ஸுங்கிற சத்தம் கேட்டா அதுகளும் சிரிக்கும்."

நிச்சயத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து இப்போதுதான் வருகிறது. நான் போய்க் கற்பூரம் ஏற்றினேன்.

ஆடி 23, வெள்ளி

சந்திரமணி மதினி போன் செய்தார். வெண்கலத் தொண்டை என்று அவர் சொன்னது சரிதான், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துத்தான் கேட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

"மதினி, ஒரு சந்தோசமான விசயம். உங்க வீட்டு அண்ணாச்சிக்குக் காது மந்தம்னு சொன்னீங்கல்ல. எங்க வீட்ல இவுக அன்னைலருந்து அதையே நெனச்சுக்கிட்டு இருந்திருக்காக. 'மக நிச்சயத்துல மேளமும் கேக்காம, வாழ்த்தும் கேக்காம மனுசன் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு'ன்னு சொல்லி, தனியா ஆர்டர் குடுத்துச் செய்ய விட்டிருக்காக. பத்தாயிரம் வெடிச் சரம். தட்டோட நாங்க வாசலுக்கு வரும்போது பந்தக்கால் பக்கத்துல, அண்ணாச்சி நாற்காலிக்கு நேரா வச்சுப் போடுறோம். அவருக்குக் கேக்கலைன்னா எங்களைக் கேளுங்க."

நான், "எதுக்கு மதினி இவ்வளவு" என்றேன்.

"நல்லா இருக்கே. பட்டாசுக்காரன் வீட்டு நிச்சயம், வெடி இல்லாமலா? ஊரு சிரிக்காதா?"

நான் சரி என்று சொன்னேனா, உம் என்று சொன்னேனா, நினைவில்லை. வைத்துவிட்டார்.

நல்ல மனசில் செய்கிறார்கள். என் வாயால் வந்தது.

ஆடி 24, சனி

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு, அவர் இருந்த அடுத்த அறை எம்மாத்திரம்.

காலையில் அவர் தோள்பையில் வேட்டி, துண்டு, திருநீற்றுப் பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க?"

"இன்னைக்கு இல்ல. பன்னெண்டாம் தேதிக்கு. திருச்செந்தூர்ல ஒரு வேண்டுதல்னு சொல்லிரு."

"மக நிச்சயத்தன்னைக்கா?"

"காது கேக்காதவன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்றார்.

அன்று முற்றத்தில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குக் கேட்டிருக்கிறது. காபித் தம்ளரைப் பார்த்தபடி கேட்டிருக்கிறார். இத்தனை நாள் மனசில் வைத்துக்கொண்டு எனக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

பையிலிருந்து வேட்டியை எடுத்து நான் கொடியில் போட்டேன். அவர் எடுத்துத் திரும்பப் பையில் வைத்தார். நான் மறுபடி கொடியில் போட்டேன். இதை எத்தனை முறை செய்தோம் என்று எழுதப்போவதில்லை.

ஆடி 26, திங்கள்

தோகை இரண்டாவது அடுக்கு. நான் தனியாகச் செய்தேன். முடிச்சு சரியாக வரவில்லை. உடைந்தது ஒன்று.

ஆடி 28, புதன்

சுபா என் கையிலிருந்து பலூனைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள்.

"அப்பா இல்லாம எனக்கு நிச்சயம் வேணாம்."

"வாயைக் கழுவு."

"மாப்பிள்ளை வீட்ல உண்மையைச் சொல்லுங்க."

"என்ன உண்மை? மனசு சரியில்லாத வீடுன்னு சொல்லவா? பேச்சு எடுத்த பெறகு சம்பந்தம் நின்னா அடுத்த எடத்துல என்ன கேப்பாங்க தெரியுமா?"

"கேட்டா கேக்கட்டும். அப்பா தண்ணி குடிக்க வெளிய வந்தாங்க, உள்ள நாலு பேர் போயிட்டாங்க. அதுல என்னம்மா அசிங்கம்? காதைச் செவிடாக்கிட்டு உக்காரவச்சீங்களே, அதுதான் அசிங்கம்."

கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவள் நகரவும் இல்லை. அப்படியே அவள் தலையைத் தடவிவிட்டேன்.

"காளிதாஸ் தம்பி என்ன சொல்லும்?" என்று கேட்டேன்.

"தெரியல. வெடியிலயே பொறந்து வளந்தவரு. ஆனா கேக்காமலே எப்படித் தெரியும்?"

ஆடி 30, வெள்ளி

கடைசி வெள்ளி. கோயிலில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து அவள் முன்னால் நின்றேன். மனசுக்குள் சொன்னால் போதாது என்று வாயைத் திறந்தே சொன்னேன். தாயே, நீ காப்பாற்றிக் கொடுத்தாய். ஆனால் முழுசாகக் கொடுக்கவில்லை. கொஞ்சம் அங்கேயே அந்த நான்கு பேரோடு நின்றுவிட்டது. இதைச் சொல்வது உன்னைக் குறை சொல்வது ஆகாது. கொடுத்த வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன், மிச்சத்தையும் அழைத்து வரப் பார்க்கிறேன்.

இடி விழவில்லை. பூசாரி எலுமிச்சம்பழம் கொடுத்தார். வீட்டுக்கு வந்தேன்.

அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "நான் மதினிகிட்டச் சொல்லப்போறேன். உங்களுக்குச் சம்மதமா?"

கூடையில் கிடந்த ஒரு பலூனை எடுத்து வாலை நீவிக்கொண்டிருந்தார். பிறகு, "காது நல்லாக் கேக்கும்னு மொதல்ல சொல்லு" என்றார்.

சுபா போனை எடுத்துப் பேச்சைப் பதிந்து அனுப்புகிற பொத்தானைக் காட்டிக் கொடுத்தாள். எதிரே ஆள் இல்லாமல் பேசுவதால் என் பேச்சை யாரும் மறிக்க முடியாது, அது நல்லது. பேசும்போது தெற்கே வெடி ஒன்று போட்டார்கள். அதுவும் பதிவில் விழுந்திருக்கும். அவர் பலூனைக் கெட்டியாகப் பிடித்தார். எழுந்து போகவில்லை. பலூன் உடையவில்லை.

சொன்னதை மறக்காமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

"மதினி, சுபா அம்மா பேசுறேன். அண்ணாச்சியையும் பக்கத்துல வச்சுக் கேளுங்க. எங்க வீட்டுக்காரருக்குக் காது நல்லாக் கேக்கும். மந்தம்னு சொன்னது நான். அவர் ஒண்ணும் சொல்லல. மாசியில அந்த ரூம் வெடிச்சப்ப அவர் வாசல்ல நின்னு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. கூட வேலை பாத்தவங்க உள்ள இருந்தாங்க. அதுலருந்து வெடிச்சத்தம் கேட்டா அவருக்குக் கை கால் ஓடாது, பேச்சு வராது, எங்கயாச்சும் ஒளியத் தோணும். இங்க எதிர்வீட்ல ஒரு பலூன் உடைஞ்சாலும் அப்படித்தான். மத்தபடி அவர் நல்லா இருக்காரு. இப்பவும் எம் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. மயிலுக்கு முடிச்செல்லாம் அவர் போட்டதுதான்.

"நீங்க ஆசையாச் செஞ்சது எனக்குத் தெரியும். அந்தச் சரத்தை வேற நல்ல காரியத்துக்கு வச்சுக்கங்க. எங்க வாசல்ல போட வேண்டாம். தட்டு வரும்போது மேளம் வாசிக்கட்டும். எங்க தெருப் பொம்பளைங்க எல்லாரும் நின்னு குலவை போடுறோம், உங்க தெரு வரைக்கும் கேக்கும். வெடி இல்லாத நிச்சயம் உங்க வீட்டுக்குக் குறைன்னு நெனச்சா, அதையும் மறைக்காமச் சொல்லிருங்க. நான் கோவிச்சுக்கிட மாட்டேன். ஆனா எம் மக நிச்சயத்துல அவ அப்பா முன்வரிசையில உக்காரணும். அதுல நான் எறங்கி வர மாட்டேன்.

"பந்தல்காரருக்குச் சொல்லணும், மேளத்துக்குச் சொல்லணும். வச்சு வச்சு யோசிக்காம, சீக்கிரம் ஒரு பதில் சொல்லுங்க மதினி."